பெரிய காலேஜை விட்டுப் பிள்ளைகள் வருவதேன்?

(அதிராம்பட்டினம் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு என்னை "பகுத்தறிவும் படிப்பும்" என்பது பற்றிப் பேசும்படி இக்கூட்டத்தார் கேட்டிருந்தார்கள். நானும் அதற்குத் தக்கபடி சில குறிப்புகள் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு டீக்கடையில் உட்கார்ந்ததில் அந்தக் குறிப்புகளுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. அங்கே ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். உப்பளத்தில் பாத்தி மிதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர். அவருடைய மகன் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்து, இந்தியா பூராவும் எழுதுகிற பரீட்சை எழுதி, வடக்கே ஒரு பெரிய காலேஜில் இடம் பிடித்தான். அப்போது ஊரார் பேனர் கட்டினார்கள், மாலை போட்டார்கள். மூன்று டேர்ம் முடிந்ததும் பையன் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டான். "இனிப் போகமாட்டேன்" என்று மட்டும் சொல்லுகிறானாம். ஏன் என்று சொல்லுவதில்லையாம்.

அந்தப் பெரியவர் பட்டுக்கோட்டைக்குப் போய் ஒரு ஜோசியரிடம் ஜாதகத்தைக் காட்டியிருக்கிறார். ஜோசியர் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, "ஏழரை நாட்டுச் சனி, திருநள்ளாறு போய் நளன் குளத்தில் முழுகி எள் விளக்குப் போடு, பையன் தானே திரும்பிப் போவான்" என்று சொல்லியிருக்கிறார். பெரியவர் என்னிடம் கேட்டது, "ஐயா, நீங்கள் சாமி இல்லை என்கிற கட்சி. இருந்தாலும் கேட்கிறேன், போய் வரலாமா வேண்டாமா?" என்பதுதான். பாவம், அவருக்கு என்மேல் நம்பிக்கை, சனியன்மேலும் நம்பிக்கை!

ஆகவே இன்று அவருக்குப் பதில் சொல்லுவதையே என் பேச்சாக வைத்துக்கொள்ள உத்தேசிக்கிறேன். அவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன், நீங்களும் திரும்பிப் பார்க்கவேண்டாம்.

தோழர்களே! பையன் ஒருவன் திரும்பி வந்தால் சனியன் என்று சொல்லிவிடலாம். பத்துப்பேர் வந்தால்? 2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் டில்லி பார்லிமெண்டில் மந்திரி ஒருவர் கொடுத்த கணக்கை உங்களுக்குச் சொல்லுகிறேன். ஐந்து வருஷ காலத்தில் மத்திய சர்க்கார் யூனிவர்சிட்டிகளையும், ஐ.ஐ.டி.களையும், ஐ.ஐ.எம்.களையும் விட்டு நடுவில் நின்றுபோன பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்புப் பிள்ளைகள் மொத்தம் 13,626 பேர். அதில் பிற்படுத்தப்பட்டவர் 6,825. தாழ்த்தப்பட்டவர் 3,680. பழங்குடியினர் 3,121. ஐ.ஐ.டி.களிலிருந்து மாத்திரம் 3,542 பேர். இத்தனை பேர் ஜாதகத்திலும் ஒரே சமயத்தில் சனியன் போய் உட்கார்ந்தானா?

இதற்கு மந்திரியார் சொன்ன சமாதானம் என்னவென்றால், பிள்ளைகளுக்குப் பல வழிகள் திறந்திருக்கின்றன, ஆகையால் அவர்கள் ஒரு காலேஜிலிருந்து இன்னொரு காலேஜுக்கும், ஒரு படிப்பிலிருந்து இன்னொரு படிப்புக்கும் தாங்களே விரும்பி மாறிக்கொள்ளுகிறார்கள் என்பதுதான். இது முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மேல்படிப்புப் படிக்கிறவனுக்குச் சர்க்கார் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்தால் படிப்பை விட்டுவிட்டுப் போகத்தான் செய்வான். சிவில் என்ஜினீயரிங் கிடைத்தவன் மறுபடியும் பரீட்சை எழுதி, கம்ப்யூட்டர் படிப்பு வேறிடத்தில் கிடைத்தால் போவான். அப்படிப் போகிறவனுக்கு மாலை போட்டு அனுப்புங்கள். ஆனால் போகிறவன் வேறு, போக்கடிக்கப்படுகிறவன் வேறு. அந்தப் பெரியவர் மகன் எந்தக் காலேஜுக்கு மாறினான்? திண்ணைக்கல்லவா மாறியிருக்கிறான்!

அன்றியும், விரும்பித்தான் மாறுகிறார்கள் என்றால் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் தங்கள் தங்கள் பங்குக்குத் தக்கபடியல்லவா மாறவேண்டும்? 2021-ல் ராஜ்யசபையில் கொடுத்த கணக்கைப் பாருங்கள். பேர்போன ஏழு ஐ.ஐ.டி.களில் ஐந்து வருஷத்தில் முதல் பட்டப்படிப்பை விட்டு நின்றவர்களில் நூற்றுக்கு 63 பேர் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள். ஏறக்குறைய 40 பேர் தாழ்த்தப்பட்டவர்களும் பழங்குடியினரும். அந்தக் காலேஜுகளில் இவ்விரு வகுப்பாருக்கும் உள்ள இடமோ நூற்றுக்கு இருபத்திரண்டரை. அதாவது சேரும்போது இருபத்திரண்டரை, வெளியே தள்ளப்படும்போது நாற்பது! சனி பகவான் ஜாதி சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தா ஆளைப் பிடிக்கிறார்? தலைவிதிக்கும் வகுப்புவாரி உண்டா? நவக்கிரகங்கள் ஒன்பதில் எந்தக் கிரகத்துக்கு இந்த இலாகா என்று ஜோசியரிடம் கேட்டு வாருங்கள்; ஐந்நூறு ரூபாயை நான் தருகிறேன்.

இதைச் சொன்னால், ஜோசியத்தை நம்பாத படித்தவர்கள்கூட வேறொரு ஜோசியம் சொல்லுவார்கள். அதற்குத் "தகுதி" என்று பெயர். "அவர்களுக்கு மார்க்கு குறைவு, படிப்பு ஏறாது, அதனால் ஓடுகிறார்கள்" என்பார்கள். நல்லது. அந்தப் பரீட்சையின் விஷயத்தைச் சற்றுப் பார்ப்போம். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முதல் பரீட்சை எழுதுகிறார்கள். அதில் இரண்டரை லட்சம் பேரைத்தான் இரண்டாவது பரீட்சைக்கு விடுகிறார்கள். 2024-ல் எல்லா ஐ.ஐ.டி.களிலும் சேர்ந்து இருந்த இடம் பதினேழாயிரத்துச் சொச்சம். இடஒதுக்கீட்டில் சேர்ந்தவனும் தன் பங்குக்கு ஆயிரக்கணக்கானவர்களைத் தாண்டி வந்தவனே தவிர, வேலி தாண்டிக் குதித்தவனல்ல. அதிலும் அவன் எந்த வீட்டிலிருந்து தாண்டினான்? பட்டணத்துப் பையன் இரண்டு வருஷம், நாலு வருஷம் என்று லட்சக்கணக்கில் கொட்டிக் கோச்சிங் படிக்கிறான். நம் பையன் அதே பரீட்சையை மண்ணெண்ணெய் விளக்குக் காலத்திலிருந்து ஒரு தலைமுறை தள்ளி வந்து எழுதுகிறான். முதல் பரீட்சையை 2021 முதல் தமிழ் உள்பட 13 பாஷைகளில் எழுதலாம் என்றார்கள். இரண்டாவது பரீட்சையோ இங்கிலீஷிலும் இந்தியிலும் மாத்திரம்தான் நடக்கிறது. இந்தி பேசுகிறவன் தாய்ப்பாஷையில் எழுதலாம்; நாம் எழுதக்கூடாது. தோழர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி 1938-ல் திருச்சியிலிருந்து சென்னை வரை ஒரு படையை நடத்திக்கொண்டு போனாரே, அது எதற்கு என்று இப்போதாவது சிலருக்கு விளங்கினால் சரி.

நீங்கள் விவசாயிகள். இந்தப் பக்கம் கல்லணைக் கால்வாய்ப் பாசனம்; நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் தலைமடைக்காரன் நடவு முடித்து நாலாவது வாரத்தில்தான் நம் வாய்க்கால் நனையும். சில வருஷம் அதுவுமில்லை. கடைமடையில் பயிர் காய்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? விதை கெட்ட விதை என்றா சொல்லுகிறோம்? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வழியே மேலே போய், எந்த மதகை அடைத்திருக்கிறான், எவன் கரையை வெட்டியிருக்கிறான் என்றல்லவா பார்க்கிறோம்! நெல்லுக்குச் செய்கிற இந்த யோசனையைப் பிள்ளைக்குச் செய்யாமல், நெல்லை விட்டுவிட்டு எள்ளைத் தூக்கிக்கொண்டு திருநள்ளாறு போவது என்ன நியாயம்?

நிற்க. மதகு எங்கே அடைபட்டிருக்கிறது என்பதற்கு என் கதையையே கொஞ்சம் சொல்லுகிறேன். 1974-ல் நான் பி.யு.சி.யில் நல்ல மார்க்கு வாங்கி, மிகவும் கஷ்டப்பட்டு இடம் கிடைக்கிற ஒரு பெரிய காலேஜில் சேர்ந்தேன். எந்தக் காலேஜ் என்பது உங்களுக்கு வேண்டாம். அன்று அது ஒன்று மாத்திரமா அப்படி இருந்தது? என் தகப்பனார் சம்பா நெல்லைக் களத்திலேயே விற்று எனக்கு டிரங்குப் பெட்டியும் இரண்டு சட்டையும் வாங்கிக்கொடுத்தார். போன அன்றைக்கே ஆஸ்டலில் ஒருவன் என் பெயரைக் கேட்டான். சொன்னேன். ஊரைக் கேட்டான். சொன்னேன். "ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்டான். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

அதற்குப்பின் யாரும் என்னை அடிக்கவில்லை, வையவில்லை. நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும், அவ்வளவுதான். வாத்தியார் இங்கிலீஷில் ஒரு தமாஷ் சொல்லுவார், எல்லோரும் சிரிப்பார்கள், நான் அரை நிமிஷம் கழித்துச் சிரிப்பேன், அதற்கு எல்லோரும் மறுபடியும் சிரிப்பார்கள். முதல் பரீட்சையில் இரண்டு பாடம் போய்விட்டது. வாத்தியார் பேப்பரைக் கொடுக்கும்போது, "கோட்டாவில் வந்தால் இப்படித்தான்" என்று மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் கடைசி பெஞ்சு வரை கேட்டது. வீட்டுக்கு நாலு கடுதாசி எழுதினேன். ஒன்றையும் தபாலில் போடவில்லை. என்னவென்று எழுதுவது? "பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது" என்று எழுதினால் என் தகப்பனார், "நன்றாய்க் காலை நீட்டி உட்கார்" என்றுதான் பதில் எழுதுவார். பிள்ளைகள் ஏன் காரணம் சொல்லுவதில்லை என்று கேட்கிறீர்களே, இதுதான் விஷயம். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துச் சொன்னால் அற்பமாய்த் தோன்றும். எல்லாம் சேர்ந்தால் மூச்சு முட்டும்.

இரண்டாவது டேர்முக்கு நான் போகவில்லை. எனக்கும் ஜாதகம் பார்த்தார்கள். எனக்கும் சனிதான் சொன்னார்கள். பிறகு 1955-ல் தொடங்கப்பட்ட இவ்வூர்க் காதர் மொகிதீன் காலேஜில் சேர்ந்து பட்டம் வாங்கி வாத்தியாரானேன். அங்கே தோற்றவன் இங்கே எப்படித் தேறினேன்? மூளை ஒரு வருஷத்தில் மாறிவிட்டதா? பக்கத்து நாற்காலியில் ஆள் உட்கார்ந்தது, அதுதான் வித்தியாசம்.

இதெல்லாம் அந்தக் காலம் என்று நினைக்காதீர்கள். டில்லியில் உள்ள பெரிய வைத்தியக் கல்லூரியாகிய எய்ம்ஸில் விசாரிக்க 2006-ல் பேராசிரியர் தோரட் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். 2007-ல் வந்த அந்த அறிக்கையில், தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகள் ஆஸ்டலில் தனியாக ஒதுங்கும்படி செய்யப்பட்டது, சாப்பாட்டு இடத்திலும் விளையாட்டிலும் ஒதுக்கப்பட்டது, வாத்தியார்கள் அவர்களுக்கு உதவி செய்யாதது எல்லாம் எழுதியிருக்கிறது. நாளைக்கு உயிர் காப்பாற்றப்போகிற டாக்டர்கள் படிக்கிற இடத்தின் யோக்கியதை இது! 2015-ல் ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் முதல் வருஷத்தில் மார்க்கு போதவில்லை என்று எழுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒரே அடியாய் வெளியே அனுப்பினார்கள். பெரும்பாலோர் நம் வகுப்புப் பிள்ளைகள். நாடெங்கும் கூச்சல் கிளம்பிய பிறகு மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். கூச்சல் போட்டால் திறக்கிற கதவு, சும்மா இருந்தால் ஏன் மூடிக்கொள்ளுகிறது என்பதைக் கவனியுங்கள்.

சாப்பாட்டுப் பந்தி என்றவுடன் சேரன்மாதேவி ஞாபகம் வராமல் போகாது. வ.வெ.சு. அய்யர் தேசபக்தர், தியாகி, அதில் சந்தேகமில்லை. அவர் நடத்திய குருகுலத்துக்குக் காங்கிரஸ் பதினாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு ஐயாயிரம் கொடுத்தும் இருந்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு, மற்றப் பிள்ளைகளுக்குத் தனி. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான். பையன் சொன்னதைக் கேட்டுத்தான் தகப்பனார் பெரியாரிடம் வந்தார். பிறகு டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் போட்ட போரில் 1925-ல் தமிழ்நாடே இரண்டுபட்டது. அந்த வருஷக் கடைசியில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று. அந்தத் தகப்பனார் பையன் சொன்னதை நம்பினார். "தேசபக்தர் நடத்துகிற பள்ளிக்கூடம், அங்கே அப்படி இருக்குமா, நீ என்ன குறும்பு செய்தாய்?" என்று கேட்டிருந்தால், நம் நாட்டுச் சரித்திரத்தில் ஒரு பக்கம் குறைந்திருக்கும். அந்த ரெட்டியார்தான் பிற்காலத்தில் 1947-ல் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியானவர்.

நம் தஞ்சை ஜில்லாவிலேயே, சர் ஏ.டி. பன்னீர்செல்வம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, திருவையாற்றில் சமஸ்கிருதத்துக்கென்றே இருந்த கல்லூரியில் தமிழுக்கு இடம் வாங்கிக்கொடுத்தார். சத்திரத்து வருமானம் ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் போகவேண்டும் என்று செய்தவரும் அவரே. 1940-ல் ஆகாயவிமானத்தோடு போய்விட்டார். இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கத்தான் முடிகிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் ஜாதியின் தலையில் போடுகிறான் என்று யாரும் சொல்லவேண்டாம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்து நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளெல்லாம் படுத்துவிட்டன. தென்னை விழுந்த வீட்டில் பிள்ளையின் படிப்பும் விழுந்ததை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஐ.ஐ.டி.யில் வருஷச் சம்பளத்தை 2016-ல் 90 ஆயிரத்திலிருந்து இரண்டு லட்சமாக ஏற்றினார்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்கும் மிகவும் ஏழைகளுக்கும் அந்தச் சம்பளம் இல்லைதான். ஆனால் ஆஸ்டல், சாப்பாடு, புஸ்தகம், ரயில் இவையெல்லாம் சும்மா வருமா? 2024-ல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புக் கூலித் தொழிலாளியின் மகனுக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. இடத்தை உறுதி செய்யக் கட்டவேண்டியது 17,500 ரூபாய். ஊரெல்லாம் கடன் வாங்கி அதைச் சேர்ப்பதற்குள் கெடு முடிந்துவிட்டது, இடம் போய்விட்டது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனார்கள். செப்டம்பர் 30-ந் தேதி, அவனுக்கு இடம் கொடுத்தே தீரவேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு போட்டது. அந்தத் தகப்பனாரும் ஜோசியரிடம் போயிருந்தால் இன்னும் ஏதாவதொரு குளத்தில் முழுகிக்கொண்டிருப்பார்.

இப்போது மூன்றாவது வரிசைப் பெரியவருக்கு வருகிறேன். ஐயா, முதலாவது, பையன் வீட்டுக்கு வந்துவிட்டானே என்று வெட்கப்படாதீர்கள். வீட்டுக்கு வர வெட்கப்பட்டு அங்கேயே உயிரை விட்ட பிள்ளைகளின் தகப்பன்மார் இந்த நாட்டில் எத்தனையோ பேர். உங்கள் பையன் வாசலுக்கு வந்தான் என்றால் வாசல் திறந்திருக்கும் என்று நம்பி வந்தான். "பேனர் கட்டினோமே, மானம் போயிற்றே" என்று ஊரார் சொன்னால், பேனர் துணியைக் கிழித்து உப்பு மூட்டைக்கு மேலே போடச் சொல்லுங்கள், மழைக்காவது ஆகும்.

இரண்டாவது, "ஏன் வந்தாய்?" என்று கேட்காதீர்கள். அதற்கு அவனால் பதில் சொல்ல முடியாது. என்னால் ஐம்பது வருஷம் முடியவில்லை. "அங்கே யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள்.

அவன் திரும்பிப் போகலாம் என்றால், சட்டம் கொஞ்சம் இருக்கிறது. யூனிவர்சிட்டி மானியக் கமிஷன் 2012-ல், உயர்ந்த படிப்பு நடக்கிற இடங்களில் இம்மாதிரி முறையீட்டைக் கேட்க ஒரு அதிகாரி இருக்கவேண்டும் என்று விதி செய்தது. எழுத்தில் புகார் எழுதிக்கொடுக்கவேண்டும், நகலுக்கு ரசீது வாங்கவேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும். போகமாட்டேன் என்றால் அதுவும் சரி. வேறு காலேஜில் சேர்ப்போம். சர்ட்டிபிகேட்டுகளை வைத்துக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்று சில காலேஜுகள் மிரட்டும். மூலச் சர்ட்டிபிகேட்டை எந்தக் காலேஜும் பிடித்து வைக்கக்கூடாது என்று அதே கமிஷன் 2018-ல் தெளிவாக உத்தரவு போட்டிருக்கிறது. இந்த வருஷம் புதிதாகப் பிள்ளையைச் சேர்த்திருக்கிறவர்களும் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். சேர்க்கை முடிகிற தேதிக்குப் பதினைந்து நாள் முன்பாகவே விலகினால் சிறு பிடித்தம் போகக் கட்டிய பணம் முழுவதும், அதற்குப் பிந்தி ஆனால் தேதிக்குள் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு, தேதி கழிந்து பதினைந்து நாளுக்குள் எண்பது, முப்பது நாளுக்குள் பாதி திரும்ப வரவேண்டும். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆகையால் பையன் கண்ணைக் கசக்கினால், நல்ல நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திராமல் தேதியைப் பாருங்கள்.

2020-ம் வருஷத்துப் புதிய கல்விக் கொள்கையில், ஒரு வருஷம் படித்தவனுக்கு ஒரு சர்ட்டிபிகேட், இரண்டு வருஷத்துக்கு ஒரு டிப்ளமா, இஷ்டப்பட்ட இடத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் ஓடுகிற பஸ்ஸில் இறங்குகிற வழியை அகலப்படுத்தினால் போதுமா? உட்காருகிற இடத்தைப் பற்றிப் பேச்சே காணோம்! 1953-ல் ஆச்சாரியார் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று கொண்டுவந்தபோதும் அழகான காரணங்களைத்தான் சொன்னார்.

மணி எட்டரை ஆகிறது. கடைசி பஸ் போய்விடும் என்று தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். பெரியவரே, செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பையனிடம் யாரோ வாத்தியார் வருகிறார் என்று சொல்லாதீர்கள், ஓடிவிடுவான்; உங்களுக்குத் தெரிந்த ஒருவர் என்று மட்டும் சொல்லுங்கள். எள் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னீர்களல்லவா? அதை விளக்கில் போட்டுக் கருக்கவேண்டாம். வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து வைக்கச் சொல்லுங்கள். நானும் அவனும் தின்றுகொண்டே பேசுகிறோம்.